‘வடமாநில வாலிபர் கைது’: ஊரைச் சொன்னால் என்ன தப்பு?

பெரம்பூர் வாசகர் ஒருவர் கேட்டது:
செய்தியில் ‘வடமாநில வாலிபர் கைது’ என்று போட்டால் உடனே ஒரு கூட்டம் வெறுப்பு, வன்மம் என்று கிளம்பிவிடுகிறது. பிடிபட்டவன் எந்த ஊர்க்காரன் என்று சொல்வது தகவல்தானே? வியாசர்பாடிக்காரன் பிடிபட்டால் வியாசர்பாடி என்று போடுவதில்லையா? அப்போது யாரும் அழவில்லையே.

2025 அக்டோபர் 6, காலை

அழுதோம். உங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நான் வடசென்னை, வியாசர்பாடி. 2004இல் கிண்டியில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் முகவரியைப் பார்த்தவர், “வியாசர்பாடியா... அங்கே இப்போ பரவாயில்லையா?” என்றார். எது பரவாயில்லையா? மழையா, காய்ச்சலா? வேலை கிடைக்கவில்லை. ஊர்தான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன், என் ஆங்கிலமும் அப்போது அப்படித்தான் இருந்தது. ஆனால் என் தம்பி அன்றிலிருந்து பயோடேட்டாவில் ‘பெரம்பூர்’ என்றுதான் போடுகிறான். உங்கள் ஊர்தான் சார், கேட்காமலே எடுத்துக்கொண்டோம்.

‘வியாசர்பாடி ரவுடி’, ‘காசிமேடு ரவுடி’ என்ற அடைமொழி அந்த ரவுடியை ஒன்றும் செய்வதில்லை. அவனுக்கு அது பட்டம் மாதிரி. அடுத்த தெருவில் பிளஸ் டூ படிக்கிற பையன்தான் அதைச் சுமக்கிறான்.

அதே நாள், இரவு

சாப்பிட்டுவிட்டு யோசித்தது. ‘வாலிபர்’ என்ற சொல்லை வீட்டில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? “எங்க வீட்டு வாலிபர் கடைக்குப் போயிருக்கார்” என்று? பெரும்பாலும் குற்றச் செய்தியில்தான் அந்தச் சொல் மூச்சு விடுகிறது. கைவரிசை, கும்பல், சிக்கினார் எல்லாம் அதன் அண்ணன் தம்பிகள். நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து போனால் நண்பர்கள், வெளியூர்க்காரர்கள் நாலு பேர் போனால் கும்பல்.

‘வடமாநிலம்’ என்பதும் அப்படித்தான். அசாமும் ராஜஸ்தானும் அதில் ஒரே மாநிலம். டெல்லியில் எவனாவது நம்மை ‘மதராசி’ என்றால் மட்டும் மலையாளி வேறு, தெலுங்கர் வேறு, நாங்கள் வேறு என்று வகுப்பெடுப்போம்.

அப்புறம், கணக்குப்படி பார்த்தால் வடசென்னைக்காரனும் வடக்கன்தான். (இதற்குச் சிரிக்காதவர்கள் தென்சென்னை, அடையாறு.)

அக்டோபர் 8

“போலீஸ் சொல்வதைத்தானே நிருபர் எழுதுகிறார், அவரை ஏன் குறை சொல்கிறீர்கள்” என்று கேட்டிருக்கிறார்கள். நான் சில வருடம் ஒரு மாலைப் பத்திரிகை டெஸ்க்கில், அதாவது நிருபர் தரும் செய்தியைத் திருத்தித் தலைப்பு போடும் இடத்தில், இருந்தவன். எது என்று சொல்ல மாட்டேன். வேலை எப்படி நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

மாலைப் பத்திரிகை மதியத்துக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். காலை பத்து மணிக்குக் க்ரைம் ரிப்போர்ட்டர் போன் போடுவார். இன்ஸ்பெக்டரோ ஸ்டேஷன் ரைட்டரோ சொன்னது மட்டும்தான் அவர் கையில் இருக்கும். பறிகொடுத்தவரைப் போய்ப் பார்க்க நேரமில்லை. பிடிபட்டவனிடம் பேச வழியே இல்லை, பேசினாலும் அவனுடைய மொழி தெரிந்தவர் டெஸ்க்கில் கிடையாது. இரண்டு பத்தி அகலத்துக்குத் தலைப்பு வேண்டும். ‘வடமாநில வாலிபர் கைது’ அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்காரும். அதுவே பேப்பர் கடை போஸ்டரிலும் போய்த் தொங்கும். பஸ்ஸில் போகிறவர் பேப்பர் வாங்குவதில்லை. போஸ்டரைப் படிப்பதோடு அவருக்கு அன்றைய செய்தி முடிந்தது.

2012 பிப்ரவரி 23 நினைவிருக்கிறதா? வேளச்சேரியில் வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற இரவு. வடக்கிலிருந்து வந்தவர்கள். அதன் பிறகு வாடகைக்கு இருப்பவர்கள் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரர்களுக்கு உத்தரவு வந்தது. டெஸ்க்கில் ‘வடமாநிலம்’ என்று தொடங்கும் எந்த நாலு வரிச் செய்திக்கும் திடீர் மவுசு.

அந்த மாதங்களில் கொருக்குப்பேட்டையில் பூட்டியிருந்த ஒரு வீட்டில் திருட்டு. பக்கத்து வீட்டு அம்மா சொன்னது இவ்வளவுதான்: “ரெண்டு பேர் பையோட போனாங்க. இந்திக்காரங்க மாதிரி இருந்தாங்க.” ஒரு சப் எடிட்டர் இதை ‘வடமாநில கும்பல் கைவரிசை’ என்று ஆக்கினார். மூன்று வாரம் கழித்துப் பிடிபட்டது பக்கத்துத் தெருப் பையன்கள். அந்தச் செய்தி உள்பக்கத்தில் மூலையில் வந்தது. ‘உள்ளூர் கும்பல் கைவரிசை’ என்று தலைப்பு வரவில்லை.

அக்டோபர் 9

‘இந்திக்காரன் மாதிரி’ என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு: முதுகில் பை, காலில் ரப்பர் செருப்பு, காதில் ஹெட்செட். நானும் அப்படித்தான் வேலைக்குப் போகிறேன்.

அக்டோபர் 12

எண்ணூர் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். செப்டம்பர் 30ஆம் தேதி அங்கே அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் இறந்தார்கள். அசாமிலிருந்து வந்தவர்கள். அதற்கு மூன்று நாள் முன்புதான் கரூர் கூட்ட நெரிசல், 41 பேர். டிவியில் கரூர் ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணூர் கீழே ஓடும் எழுத்தில் வந்து, திரும்பி, போய்விட்டது.

கரூரில் இறந்தவர்களின் வீடு, பள்ளிப் பை, கடைசியாக எடுத்த செல்ஃபி எல்லாம் நமக்குத் தெரியும். எண்ணூரில் இறந்த ஒருவர் பெயராவது யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது. பேப்பரில் போட்டால்தானே தெரியும். ‘வடமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் பலி’ என்றால் ஒன்பது என்ற எண்ணிக்கைதான் செத்தது. பெரம்பூர் வாசகருக்கு என் பதில் இதுதான். ஊரைச் சொல்வது தகவல் என்றால் எல்லா இடத்திலும் சொல்லட்டும். திருடினால் ஊர் தலைப்பில் வருகிறது. செத்தால் பெயர் உள்ளேகூட வருவதில்லை.

2014 ஜூன் 28, மௌலிவாக்கம், 11 மாடி, 61 பேர். அந்தக் கட்டடம் இடிந்து கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆந்திரா, ஒடிசாவிலிருந்து வந்து அதில் மாட்டிக்கொண்ட ஒரு முகம்கூட நிற்கவில்லை.

அக்டோபர் 13, காலை

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தம்.

ஒன்று, கரூரை இழுத்தது சரியில்லை என்று மூன்று பேர் திட்டியிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதில் குழந்தைகள் செத்திருக்கிறார்கள். ஒரு சாவைப் பெரிதாகக் காட்டியது இன்னொரு சாவுக்குச் செய்த குற்றம் ஆகாது.

இரண்டாவது எனக்கு வெட்கம். பழைய பேப்பர் கட்டை அவிழ்த்து அக்டோபர் 1, 2ஆம் தேதிப் பேப்பர்களைத் தேடினேன். பெயர்கள் இருந்தன. வயதோடு, உள்பக்கத்தில், பொடி எழுத்தில். அந்தப் பக்கத்தை நான் அன்று திருப்பியிருக்கிறேன், ஓரத்தில் டீ வட்டம் இருக்கிறது. ஆனால் படிக்கவில்லை. பழக்கமில்லாத பெயர்கள் வரிசையாக வந்தால் என் கண் தானாக அடுத்த பத்திக்குத் தாவுகிறது. ஆகவே ‘பேப்பரில் போட்டால்தானே’ என்று நேற்று எழுதியதை அடித்துவிடுங்கள்.

அக்டோபர் 13, மாலை

“அப்போ தப்பு பேப்பர் மேல் இல்லையே” என்கிறார் பெரம்பூர்க்காரர். அவசரப்படாதீர்கள் சார். பொடி எழுத்தில் போட்டது யார்?

அக்டோபர் 19

தீபாவளிக்கு முந்தின நாள். சென்ட்ரல் பக்கம் போனேன், வடக்கே போகிற வண்டிக்கெல்லாம் நடைமேடை வரைக்கும் மூட்டை முடிச்சு. 2023 மார்ச் ஞாபகம் வந்தது. ஹோலிக்கு ஊருக்குப் போன இதே மாதிரிக் கூட்டத்தைப் படம் பிடித்து, ‘தமிழ்நாட்டிலிருந்து உயிர் தப்பி ஓடும் பீகாரிகள்’ என்று வடக்கே ஓட்டினார்கள். வேறு எங்கோ நடந்த வெட்டுக் குத்து வீடியோக்களை எடுத்து, இங்கே இந்தி பேசியதற்காகக் கொல்கிறார்கள் என்று கதை. டிஜிபியே வீடியோவில் வந்து பொய் என்று சொன்னார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. யூடியூபர் ஒருவர் கைதானார், ஓர் இந்தி நாளிதழின் ஆசிரியர் மீதும் வழக்குப் பதிவானது.

அப்போது நாம் எல்லோரும் நியாயமாகக் கொதித்தோம். நானும் பக்கம் பக்கமாக எழுதினேன். ஆனால் அதற்கு ஒன்றரை மாதம் முன்னால், ஜனவரியில், திருப்பூர் வீடியோ ஒன்று நம் போன்களில் சுற்றியது. வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழர்களை ஓட ஓட விரட்டுகிறார்கள் என்று. ஏதோ ஒரு சின்னத் தகராறு என்று போலீஸ் விளக்கம் கொடுத்தது. விளக்கம் வருவதற்குள் நான் அதை இரண்டு குழுவுக்கு அனுப்பியிருந்தேன். “பாத்தீங்களா, இனிமே நம்ம கதி” என்று ஒரு வரி வேறு சேர்த்து. அந்த வரியைத் தேடிப் பார்த்தேன், இன்னும் அங்கேயே இருக்கிறது.

அக்டோபர் 21

பலகாரம் தீர்ந்த பிறகு உட்கார்ந்து எழுதுவது.

எங்கள் ஆயா பர்மாவிலிருந்து வந்தவர். 1962இல் அங்கே ராணுவத் தளபதி நீ வின் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது தாத்தாவின் ரங்கூன் கடை போனது. கப்பல் ஏறும் இடத்தில் ஆயாவின் மூக்குத்தியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். சென்னைத் துறைமுகத்தில் வெறும் மூக்கோடு இறங்கியதாகச் சொல்லிச் சிரிப்பார். அப்புறம் வியாசர்பாடி பக்தவத்சலம் காலனி.

அரசாங்கக் காகிதத்தில் இவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. தெருவில் ‘பர்மா அகதி’. 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்ததும் இன்னொரு பெயரும் சேர்ந்தது. ‘கடத்தல் பொருள்’ என்று செய்தி வந்தால் எங்கள் மாமா அன்று கடைக்கு வேறு வழியாகப் போவாராம். அவர் விற்றது குடை ரிப்பேர் சாமான்.

இன்று? ஞாயிறு இணைப்பில் ‘வடசென்னையின் அத்தோ சுவை’. அத்தோ என்றால் பர்மா நூடுல்ஸ். கூடவே மொய்ங்கா, பேஜோ, முட்டை மசாலா, வாழைத்தண்டு சூப். கேமராவை வாயருகே கொண்டுபோய் “ம்ம்ம்” என்கிறார்கள். க்ரைம் பக்கத்திலிருந்து சாப்பாட்டுப் பக்கத்துக்கு வர எங்களுக்கு ஐம்பது வருடம் பிடித்தது. பானிபூரிக்காரர் பொறுமையாக இருக்கட்டும்.

அக்டோபர் 22

அத்தோ எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். அகதிகள் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. செகண்ட் லைன் பீச், சாயங்காலம். போங்க.

அக்டோபர் 26

‘தர்ம அடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘பொதுமக்கள் பிடித்துத் தர்ம அடி கொடுத்துப் போலீசில் ஒப்படைத்தனர்.’ இதை நான் எத்தனை தடவை டைப் அடித்திருப்பேன் என்று தெரியாது. அன்னதானம் மாதிரி ஏதோ புண்ணியக் காரியம்போல அடி. இந்தச் சொல்லைக் கண்டுபிடித்த சப் எடிட்டர் யாரோ, கெட்டிக்காரர். கும்பல் என்று போட வேண்டிய ஒரே இடத்தில் ‘பொதுமக்கள்’ என்று போட்டுவிட்டார்.

2018 மே மாதம் வாட்ஸ்ஆப்பில் ஒரு குரல் பதிவு: வடமாநில கும்பல் குழந்தைகளைக் கடத்த வந்திருக்கிறது, உஷார். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போனவர்கள் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். ஊரே சேர்ந்து அடித்தது. சென்னையிலிருந்து போன ஒரு வயதான அம்மா செத்துப்போனார். தமிழ் பேசுகிறவர், சாமி கும்பிடப் போனவர். அதே வாரம் நம் பக்கம், பழவேற்காட்டில், சுற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

வதந்தி வாட்ஸ்ஆப்பில் வந்தது, பேப்பரில் இல்லை என்பீர்கள். சரிதான். ஆனால் ‘வடமாநில கும்பல்’ என்று கேட்டவுடன் எல்லோரும் எழுந்து ஓடினார்களே, அந்தப் பயிற்சியை வாட்ஸ்ஆப் கொடுக்கவில்லை. வருஷக்கணக்காக பேப்பர் கடை போஸ்டர் கொடுத்தது.

அக்டோபர் 27

அக்டோபர் 8ஆம் தேதி எழுதிய கொருக்குப்பேட்டைக் கதையில் ‘ஒரு சப் எடிட்டர்’ என்று போட்டிருந்தேன். நான்தான்.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். எங்கள் எதிர்வீட்டு மாடியில் அப்போது ஒடிசாப் பையன்கள் நாலு பேர் வாடகைக்கு இருந்தார்கள். மணலியில் கன்டெய்னர் யார்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி துவைத்துக்கொண்டே பாடுவார்கள். அன்று சாயங்காலம் வேலை முடிந்து நான் வரும்போது வீட்டுக்கார அண்ணன் கையில் பேப்பரோடு கீழே நிற்கிறார். “பாரு தம்பி, உங்க பேப்பர்லயே போட்டிருக்கு. இனிமே இவங்கள வெச்சிருந்தா நாளைக்கு எனக்குத்தான் பிரச்சினை.” என் தலைப்பு. பத்து மணிக்கு எழுதி, ஆறு மணிக்கு என் தெருவுக்கே வந்துவிட்டது.

அண்ணே, அது நான் எழுதினது, அந்த அம்மா ‘மாதிரி இருந்தாங்க’ன்னுதான் சொன்னாங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “பாத்து செய்ங்கண்ணே” என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே இன்று வரை தெரியவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு பேரும் ஒரு பக்கெட்டும் பாய்களுமாக இறங்கினார்கள். அதில் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், தினமும் சிரிக்கிற மாதிரியே. திருடியவர்கள் பிடிபட்டபோது அண்ணனிடம் அந்த உள்பக்கச் செய்தியைக் காட்டினேன். “ஓ, அப்படியா” என்றார். மாடியில் வேறு குடும்பம் வந்திருந்தது.

நவம்பர் 1

நேற்று முன்தினம் வரை யாரும் எதுவும் எழுதவில்லை. திட்டாவது திட்டுங்கள் அய்யா. சரி, நானே தொடர்கிறேன்.

வந்தவர் ‘நம்மவர்’ என்றால் நம் பத்திரிகைகளின் மொழியே வேறு. 1986இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காக்கும் படகுகளில் தவித்த 155 ஈழத் தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். 2010இல் ‘சன் சீ’ கப்பலில் 492 பேர் கனடா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஆள்கடத்தல், உள்ளே புலிகள் இருக்கிறார்களா என்ற பேச்சு. இங்கே நடுக்கடலில் தவித்த தமிழர்கள். கப்பல் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவில் 2001 தேர்தல் நேரத்தில் அகதிகள் குழந்தைகளைக் கடலில் வீசினார்கள் என்று அமைச்சர்களே சொன்னார்கள், பேப்பர்களில் படமும் வந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பிற்பாடு செனட் விசாரணையில் தெரிந்தது. தேர்தல் அதற்குள் முடிந்துவிட்டது. கேளம்பாக்கத்தில் இருக்கும் ரோஹிங்கியாக்கள் பற்றி நம்மூரில் சிலர் ‘ஊடுருவல்’ என்று எழுதும்போது எனக்கு அந்தக் கனடா ஞாபகம்தான் வரும். அவர்களும் பர்மாவிலிருந்துதான் வந்திருக்கிறார்கள், எங்கள் ஆயா மாதிரி.

ஆனால் ‘நம்மவர்’ என்று எழுதுவதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. என் நண்பன் கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்தவன். 2021 ஆகஸ்டில் அகதிகள் முகாம் என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றுவதாக முதல்வர் அறிவித்தபோது ஒரு டிவிக்காரர்கள் வந்தார்கள். அவன் அம்மாவைச் சுவர் பெயர்ந்த பக்கமாக நிற்க வைத்தார்கள். பிறகு கேமராமேன், “அக்கா, அந்தச் செயினைக் கொஞ்சம் உள்ளே போட்டுக்கோங்க” என்றாராம். அகதி தங்கச் செயின் போட்டால் பார்க்கிறவனுக்கு இரக்கம் வராதே. வடக்கத்தியான் என்றால் பயம் காட்ட வேண்டும், ஈழத்தமிழர் என்றால் அழுகை காட்ட வேண்டும். கடைக்குப் போய் ரேஷன் அரிசி வாங்கி, சண்டை போட்டு, சீரியல் பார்த்து, மகனுக்குப் பெண் தேடும் ஒரு அம்மாவை எடுக்க எவனும் வரமாட்டான்.

நவம்பர் 2

‘பெயர் மாறியதால் என்ன மாறியது?’ என்ற கேள்விக்கு: அந்த அறிவிப்போடு வீடுகள் கட்டப் பணமும் ஒதுக்கினார்கள், அதனால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. குடியுரிமை அதில் இல்லை, அது மாநில அரசின் கையில் இல்லாதது. அகதி யார் என்று சொல்ல இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது, 1951 ஐ.நா. உடன்படிக்கையிலும் நாம் கையெழுத்துப் போடவில்லை. இந்த செப்டம்பரில் ஒன்றிய அரசு ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது என்று. உடனே என் நண்பனுக்கு இருபது பேர் ‘வாழ்த்துகள், இந்தியன் ஆயிட்டே’ என்று மெசேஜ். தலைப்பை மட்டும் படித்தவர்கள். அவன் எல்லோருக்கும் கட்டை விரலைக் காட்டிவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டான்.

நவம்பர் 8

ஒரு திருத்தம். நண்பன் இதையெல்லாம் அவன் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். இன்று காலை போன் வந்தது, அம்மாவே பேசினார்.

“தம்பி, அது தங்கம் இல்லை, கவரிங். தங்கம் எண்டு எழுதிப்போட்டீர். முகாமில நாலு பேர் வாசிச்சால் என்ன நினைப்பினம்?”

மன்னிப்புக் கேட்டேன். கவரிங் என்று மாற்றிவிடுகிறேன் என்றேன்.

“அது சரி. அந்த டிவிக்காரப் பொடியனாவது என்னட்டச் சொல்லிப்போட்டுத்தான் படம் எடுத்தவன். நீர் கேட்டனீரோ?”